யாருடைய பயணம் மிச்சமாகிறது?

2018 ஜூலை 21ஆம் திகதி 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நடந்த தொடக்க விழாவில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி காணொளி வழியாகப் பேசினார். புதுப்பிக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு 2016 ஜூன் 18இல் திறக்கப்பட்டபோதும் அவர் திரையில்தான் தோன்றினார். 2022 மார்ச்சில் யாழ்ப்பாணக் கலாசார மையமும் திரையிலேயே திறக்கப்பட்டது. ஆனால் அந்தக் கட்டடம் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது 2023 பெப்ரவரி 11இல்தான்.

மூன்று நிகழ்வுகளிலும் தலைவர்களின் பயணம் மிச்சமானது. எங்கள் ஊர் அளவெட்டியில் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒரு முதியவருக்கு அவற்றில் பயன்படுவது ஒன்றே ஒன்று, 1990. அழைப்பை எடுப்பவர் தொலைவில் இருக்கிறார். அவர் அனுப்பும் வண்டியும் பயிற்சி பெற்ற உதவியாளரும் முற்றத்துக்கே வருகிறார்கள். தூரத்தில் ஒருவர் வழிகாட்ட, பக்கத்தில் ஒருவர் கைவைத்துப் பார்க்கிறார். தொலைவழிச் சேவை எதையும் இந்த அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் யாருடைய பயணம் மிச்சமாகிறது? இந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

மருத்துவத்தை எடுத்துக்கொள்வோம். சலரோகம், பிறசர் என்று மாதாந்தக் கிளினிக்குக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ விடியவே புறப்பட வேண்டும். முதலில் துண்டுக்கு ஒரு வரிசை, பிறகு வைத்தியருக்கு, அதன் பிறகு மருந்துக்கு. வைத்தியரின் முன்னால் இருப்பது சில நிமிடங்கள். பலருக்குப் பழைய மருந்தே திரும்ப எழுதப்படும். 2020இல் ஊரடங்கு வந்தபோது சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து கிளினிக் மருந்துகளை வீடுகளுக்கு அனுப்பின. அதற்குக் கமராவோ செயலியோ வேண்டியிருக்கவில்லை. பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும் தபால்காரரும் போதுமாக இருந்தன. அதை நிரந்தர ஏற்பாடாக வளர்த்திருக்க வேண்டும். ஊரடங்கு தளர்ந்ததும் வரிசைகள் பழையபடி நீண்டன.

இதற்கிடையில் தனியார் துறையில் வீடியோ ஆலோசனை வளர்ந்துவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் காசு கட்டி நேரம் எடுத்துக் கொடுக்க, அளவெட்டியில் அம்மா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிபுணரோடு பேசுகிறார். மகனின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்கவும், பாதத்தின் அடியில் ஆறாத புண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவும் அங்கே ஒருவரும் இல்லை. சலரோகக்காரருக்குக் காலைக் காப்பாற்றுவதே அந்தப் பார்வைதான். தமிழ்நாட்டில் அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் கிராமங்களில் நடத்திவரும் பார்வை மையங்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டவை. அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதித்துப் படமெடுக்கிறார். நகரத்திலிருக்கும் வைத்தியர் திரையில் பார்த்து முடிவு சொல்கிறார். கண்ணாடி போதும் என்றால் நோயாளி ஊரைவிட்டு அசைய வேண்டியதில்லை. எங்களுக்கு இது அந்நியமான வழியுமல்ல. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியில், குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகும் நாடு இது. அப்படிப்பட்ட ஒருவரின் கையில் பிறசர் கருவியையும் குருதிச் சீனி பார்க்கும் கருவியையும் தெல்லிப்பழை நிபுணரோடு பேசும் திரையையும் கொடுத்தால் அதுதான் தொலைமருத்துவம்.

மனநலத்துக்குத் திரை மிகவும் பொருந்தும் என்பார்கள். தொட்டுப் பார்க்கத் தேவையில்லாத மருத்துவம் என்பது அவர்கள் வாதம். ஆனால் ஊர் வீட்டில் விறாந்தையில் இருந்து கதைத்தால் குசினிவரை கேட்கும். வீட்டுக்குள்ளேயே துன்பம் அனுபவிக்கும் பெண் அந்த வீட்டுக்குள் இருந்தபடி வைத்தியரிடமோ சட்டத்தரணியிடமோ எதைச் சொல்வாள்? அவளுக்கு முதலில் வேண்டியது கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. வலிகாமத்தில் சனசமூக நிலையம் இல்லாத ஊர் அருமை. காலையில் பேப்பர் வாசித்து முடிந்த பின் பல நிலையங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே ஓர் அறையை ஒதுக்கி, நல்ல இணைப்பும் உதவிக்கு ஒரு பெண் உத்தியோகத்தரும் கொடுப்பது பிரதேச சபைக்கு எட்டாத வேலையல்ல.

பிரதேச சபை என்றதும் கூட்டங்களின் நினைப்பு வருகிறது. உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 வரை தேர்தல் இல்லை. வட மாகாண சபைக்கோ 2018 ஒக்டோபருக்குப் பிறகு உறுப்பினர்களே கிடையாது. மக்கள் தெரிவுசெய்த சபைகள் வெறுமையாகக் கிடந்த இந்த ஆண்டுகளில் ஊர்ப் பொதுவாழ்வின் பெரும் பகுதி சூம் கூட்டங்களுக்குக் குடிபெயர்ந்தது. பழைய மாணவர் சங்கமும் கோயில் திருப்பணியும் வெளிநாட்டு ஊர் ஒன்றியமும் அங்கேதான் கூடுகின்றன. கோடை காலத்தில் ஞாயிறு இரவு ஏழரைக்குக் கூட்டம் வைத்தால் இலண்டனில் பிற்பகல் மூன்று மணி, ரொறன்ரோவில் காலை பத்து மணி. அளவெட்டியில் அது பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரம். யாருக்கு வசதியாக மணி குறிக்கப்பட்டிருக்கிறது என்பதிலேயே கூட்டத்தின் தலைமை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் போர்க்காலத்திலும் பின்னரும் இந்த ஊரைத் தாங்கியவர்கள், அந்த நன்றி எனக்குண்டு. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடமா ஆசிரியரா தேவை என்பதை, அதே பள்ளிக்கூடத்துக்கு இன்று பிள்ளையை அனுப்பும் தாய்தான் முதலில் சொல்ல வேண்டும். திரையில் அவளுடைய பெட்டி அணைந்தே கிடக்கிறது. டேட்டா முடிந்திருக்கும், அல்லது கதைக்கும்படி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மேன்முறையீடுகளைக் கேட்கும் ஆணைக்குழு கொழும்பில் இருக்கிறது. கொரோனாக் காலத்திலிருந்து அது சூம் வழியாக விசாரணைகளை நடத்தியது. ஒரு வீதிக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்கும் சாதாரண மனிதன், தகவல் தர மறுத்த அதிகாரிக்கு எதிராகத் தன் ஊரில் இருந்தபடியே பேச முடிந்தது. இங்கே மிச்சமானது அதிகாரமில்லாதவனின் பயணம்.

நீதிமன்றங்களுக்கு வந்தால் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. 2013இல் வலிகாமம் வடக்கு, கிழக்குப் பகுதிகளில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் ஒட்டியது. எதிர்த்து வழக்குப் போட்ட காணிச் சொந்தக்காரர்கள் 2,000க்கும் அதிகமானோர். பலர் 1990இலிருந்து இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். வழக்கு இருந்தது கொழும்பு புதுக்கடையில், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். தங்கள் காணியைப் பற்றி அங்கே என்ன பேசப்படுகிறது என்பதைப் பெரும்பாலானோர் மறுநாள் பேப்பரில்தான் அறிந்தார்கள். மேன்முறையீட்டு விசாரணையில் சாட்சி விசாரிப்பது அருமை, வாதமே பிரதானம். அதை மல்லாகத்தில் ஒரு மண்டபத்தில், தமிழ் மொழிபெயர்ப்போடு, வழக்காளிகள் கேட்கச் செய்வதில் சட்டத்துக்கு என்ன குறை வந்துவிடும்?

மல்லாகம் நீதிமன்றத்துக்குத் திரை அவ்வளவாகத் தேவையில்லை. அங்கே ஆட்களை அலைக்கழிப்பது தூரமல்ல, தவணை. வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றால் ‘இன்றைக்கு எடுக்கமாட்டினம்’ என்பார்கள். முதல் நாளே ஒரு குறுஞ்செய்தி வந்தால் ஒரு கூலித் தொழிலாளியின் நாட்சம்பளம் தப்பும்.

காணி விஷயத்தில் சட்டம் திரையை நம்புவதில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி உறுதி முடிக்க நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். 2006ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும் காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை விலக்கியே வைத்தது. வெளிநாட்டில் இருப்பவரின் காணிக்குக் கள்ள உறுதி முடித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தில் இந்த எச்சரிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்கீழ் வரும் பெண் தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூல சம்மதம் வேண்டும். அவன் வெளிநாட்டிலோ, காணாமல் ஆக்கப்பட்டோ இருந்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். 1911இலிருந்து இருக்கும் இந்த விதியை எந்தத் தொழில்நுட்பமும் இலகுவாக்காது. சட்டத்தையே மாற்ற வேண்டும்.

கடைசியாக, கைதிகள். கொரோனாக் காலத்துக்கென வந்த 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், தொலைத்தொடர்பு வழியாக வழக்குகளை நடத்த இடம் தந்தது. அச்சட்டம் தற்காலிகமானது, நிரந்தர ஏற்பாடு பற்றிப் பேசும்போது செலவும் பாதுகாப்பும்தான் முதலில் எடுத்துக்காட்டப்படுகின்றன. சிறையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரத் தேவையில்லை, காவலுக்கு ஆள் தேவையில்லை என்பார்கள். இங்கே மிச்சமாவது அரசின் பயணம். தடுப்புக் காவலில் இருப்பவனை நீதவான் முன் நிறுத்தும்போது அவர் அவன் நடையைப் பார்க்கிறார், முகத்தின் வீக்கத்தைப் பார்க்கிறார். அவன் வாயைத் திறக்கப் பயப்படுவதும் அவருக்குத் தெரிகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1979இலிருந்து ஆட்களைப் பறிகொடுத்த சமூகத்துக்கு இது சிறிய விஷயமல்ல. கமராவுக்கு எதிரே கைதி இருப்பான், கமராவுக்குப் பின்னால் அவனை அடித்தவன் நிற்கலாம். இந்தியாவின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்கூட, நீதிமன்றக் காவலை நீடிக்கத்தான் காணொளியை அனுமதிக்கிறது. பொலிஸ் காவல் என்றால் ஒவ்வொரு முறையும் ஆளை நேரில் கொண்டுவரவேண்டும் என்கிறது.

இலங்கையில் நிரந்தரச் சட்டம் வரும்போது அந்த வரி முதல் பிரிவிலேயே இருக்க வேண்டும். அடுத்ததாகச் சாட்சிகளின் அறை. வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்தே சாட்சியமளிக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இன்று வழிசெய்கிறது. ஆனால் அந்த அறை தூதரகத்துக்குள் இருந்தால், எந்த அரசுக்குப் பயந்து ஓடினாரோ அதே அரசின் படலையைத் தாண்டித்தான் அவர் உள்ளே போக வேண்டும். அவர் வாழும் நாட்டின் நீதிமன்றத்திலோ பல்கலைக்கழகத்திலோ அந்த அறையை ஏற்பாடு செய்யலாம். அதற்கு இரு நாடுகளின் ஒப்பந்தம் வேண்டும். அதை வடக்கிலிருந்து தெரிவான பாராளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே கேட்கத் தொடங்கலாம்.