வார்டில் கற்றதற்கு மதிப்பே இல்லையா?

அரசு மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வயது 32. அடுத்த முறை நீட் எழுதப் போகிறேன்.

போன மாதம் பிரசவ வார்டில் நைட் டியூட்டி. இரவு இரண்டரை மணிக்கு ஒரு பெண் “தாகமா இருக்கு சிஸ்டர்” என்றாள். குழந்தை பிறந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவள் குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. நாடி 126. பேட் முழுக்க நனைந்திருந்தது. வயிற்றில் கை வைத்தேன், கருப்பை இறுகவே இல்லை. டியூட்டி டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை கருப்பையைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். விடிந்தபோது அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் வார்டை ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறி, பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தைப் பிரித்தேன்.

நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். பாதி உயிரியல், அதில் பயமில்லை. டிரிப் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவேன். சுழல் இயக்கக் கணக்கில்தான் திணறுகிறேன். பள்ளியை விட்டுப் பதினைந்து வருடமாகிறதே!

பொதுப்பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்றிருந்த வயது உச்சவரம்பை 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கியது. கதவு திறந்தது. ஆனால் உள்ளே நுழைய, முழுநேரமாக கோச்சிங் போகும் பதினெட்டு வயதுப் பிள்ளையோடுதான் நான் போட்டியிட வேண்டும். ஒன்பது வருட வார்டு அனுபவத்துக்கு அங்கே ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

தேர்விலிருந்து விலக்கு கேட்கவில்லை. நீட்டில் தகுதி பெற்ற அரசு நர்ஸுகளுக்கென்று சில எம்.பி.பி.எஸ். இடங்களை ஒதுக்குங்கள், படிக்க விடுப்பு கொடுங்கள். பட்டமேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 சதவீதத்தை அரசு மருத்துவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஒதுக்குகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் சட்டம் போட்டு 7.5 சதவீதம் கொடுத்தது. வழி தெரியாத அரசு அல்ல இது.

“எல்லாரும் டாக்டராகப் போனால் வார்டை யார் பார்ப்பது?” என்று கேட்பார்கள். போகப்போவது சிலர்தான். படித்து முடித்ததும் தாலுகா மருத்துவமனையில் பத்து ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.