கதை சொல்ல ஆசையா? நாவல் எழுதலாமே!

மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஆளுக்கொரு தாள், சில பகடைகள். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் திருடன். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அந்தக் கற்பனை உலகத்தையே நடத்துபவர். "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளேயிருந்து புகை நாற்றம் வருகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் உயிரே இந்தக் கேள்விதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல நடத்துனர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே தேவையில்லை. பதிலை முந்தின நாள் ராத்திரியே எழுதி வைத்துவிடுகிறார்கள்! முதலில் கிராமம் எரியும், பிறகு ஒரு கிழவர் ரகசியம் சொல்வார், அப்புறம் வில்லன் சிரித்துக்கொண்டே தப்பிப்பான். ஆட்டக்காரர்கள் அவனை முதல் சண்டையிலேயே மடக்கிவிட்டால்? சாகவேண்டிய அடி விழுந்த பிறகும் அவனுக்கு உயிர் மிச்சம் இருக்கும். கணக்கு திரைக்குப் பின்னால் நடத்துனர் கையில் அல்லவா இருக்கிறது!

நடத்துனர் என்றால் பஸ்தான் ஞாபகம் வரும். இவர்களும் பஸ்தான் ஓட்டுகிறார்கள். ரூட் முன்பே முடிவாகிவிட்டது. டிக்கெட் வாங்கி, உட்கார்ந்து, ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதுதான் ஆட்டக்காரர்களின் வேலை.

இந்த வியாதிக்குப் பழைய உதாரணம் டிராகன்லான்ஸ் சாகசத் தொடர். 1984-இல் தொடங்கிய இந்தத் தொடரோடு அதே கதை நாவலாகவும் வந்தது. கதைக்கு வேண்டிய பாத்திரம் ஆட்டத்தில் செத்துவிட்டால்? உடல் யாருக்கும் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் உயிரோடு கொண்டுவர வசதியாக இருக்கும் என்று சாகசத்திலேயே யோசனை சொல்லியிருந்தார்கள். நம் மெகா சீரியல்காரர்கள் தோற்றார்கள்! நாவல் லட்சக்கணக்கில் விற்றது, அதில் தப்பில்லை. நாவலின் முடிவை எழுத்தாளர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அதே முடிவைக் காப்பாற்றுவதற்காக ஐந்து பேரை மேசையில் உட்கார வைத்துப் பகடை உருட்டச் சொல்வானேன்?

"ஆட்டக்காரர்களுக்குத் தெரியாமல் செய்தால் என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இடப்பக்கம் போனாலும் ராட்சசன், வலப்பக்கம் போனாலும் அதே ராட்சசன். ஆட்ட வட்டாரத்தில் இவனுக்குக் 'குவாண்டம் ராட்சசன்' என்று பெயரே இருக்கிறது. நஷ்டம் இதுதான்: இரண்டு பாதையில் எது நல்லது என்று அரைமணி நேரம் யோசித்தவர்களின் யோசனைக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது. எப்போதும் தெரியாமலும் இருக்காது. நாலைந்து ஆட்டத்தில் வாடை பிடித்துவிடுவார்கள். அப்புறம் யாரும் திட்டம் போடமாட்டார்கள். "அடுத்து எங்க போகணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்று செல்போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கும் "இந்தக் கூட்டத்துக்கு ஆர்வமே இல்லை" என்று நடத்துனர் அலுத்துக்கொள்வார்!

சரி, கதை இல்லையென்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிடாதா? ஆகாது. 1980 வாக்கில் தொடக்கநிலைப் பெட்டியோடு வந்த கைகாக்ஸின் 'கீப் ஆன் த பார்டர்லாண்ட்ஸ்' சாகசத்தைப் பாருங்கள். ஒரு கோட்டை, கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் வரிசையாகக் குகைகள். குகைக்கொரு கூட்டம், கூட்டங்களுக்குள் பகை. அங்கேயும் ஒரு ராட்சசன் இருக்கிறான். ஆபத்து வந்தால் கோப்ளின்கள் 250 பொற்காசு மூட்டையை அவனிடம் எறிவார்கள், அவன் சண்டைக்கு வருவான். ஆனால் அதைவிடப் பெரிய தொகையை யாராவது கண்ணெதிரே காட்டினால், 90 சதவீதம் அவன் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவான், ஒரு மணி நேரத்துக்கு!

இந்த ராட்சசனையும் குவாண்டம் ராட்சசனையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும். இவனோடு சண்டை போடலாம், இவனை விலைக்கு வாங்கலாம், இவன் பக்கமே போகாமலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறு. மற்றவன் எந்த வழியில் போனாலும் சண்டை போட்டே தீருவான்.

நடத்துனர் தயாரிக்க வேண்டியது இதைத்தான்: யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் என்ன செய்வார்கள். மர்மம் வைத்தால் ஒரு முடிவுக்குக் குறைந்தது மூன்று துப்பு வைக்கச் சொன்னார் ஜஸ்டின் அலெக்சாண்டர், 2008-இல். ஒன்று கண்ணில் படாது, ஒன்று புரியாது, மூன்றாவது காப்பாற்றும். ஒரே துப்பை வைத்துவிட்டு, அதைக் கண்டுபிடிக்கும்வரை கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல். வேலையும் குறைவு. நடக்காமலே போகப்போகும் காட்சிகளுக்கு முப்பது பக்கம் வசனம் எழுத வேண்டாம்.

அப்புறம் அந்தத் திரையையும் எடுத்துவிடலாம். பகடை எல்லோர் முன்னாலும் உருளட்டும். வில்லன் முதல் நாளே சாகட்டும். அவன் செத்த சேதி கேட்டு அவன் தம்பி என்ன செய்வான், அவன் கூலிப்படை யார் பக்கம் போகும் என்று யோசிப்பதுதான் நடத்துனருக்கு உண்மையான விளையாட்டு. அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியாமல் இருக்கட்டுமே! அந்தச் சுகத்தை நாவலும் தராது, சினிமாவும் தராது. இந்த மேசை தரும். அதைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு சுமாரான கதையைக் கொடுப்பது வெறும் ஏமாற்று வேலை.