ஒரத்துப்பாளையம்: இடிக்கறதுக்கும் ஒரு இஞ்சினியர் வேணும்

முதல்லயே சொல்லிடறேன், நான் அணைக்கு எதிரி இல்லைங்க. சத்தியமங்கலத்துக்காரன். பவானிசாகர் 105 அடியைத் தொட்டா ஊரோட போய் வேடிக்கை பாக்கற ஆளு. 1955ல கட்டி முடிச்ச அந்த அணையால கீழ்பவானியில ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாயுது. கொடிவேரி அதுக்கும் பல நூறு வருஷம் மூத்தது, இன்னமும் உழைக்குது. அதெல்லாம் இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

நான் இடிக்கச் சொல்றது சென்னிமலை பக்கம் நொய்யல் ஆத்துல நிக்கற ஒரத்துப்பாளையம் அணையை.

1992ல பாசனத்துக்குன்னு திறந்தாங்க. வந்து சேர்ந்தது திருப்பூர் சாயத்தண்ணி. துணியில சாயம் ஏற மூட்டை மூட்டையா உப்பு போடுவாங்க. அந்த உப்பு துணியில நிக்காது, கழிவுத் தண்ணியோட ஆத்துக்கு வந்துரும். அணை அதைத் தேக்கி வச்சு, சுத்துப்பட்டுக் கிணறுக்கெல்லாம் இறக்கிவிட்டுச்சு. தண்ணி கேட்டு கோர்ட்டுக்குப் போற விவசாயியைப் பாத்திருப்பீங்க. இங்க மட்டும்தான் "இதுல தண்ணி தேக்காதீங்க சாமி"ன்னு போனாங்க! சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011ல ஐகோர்ட் உத்தரவு போடற அளவுக்கு அந்தப் போராட்டம் போச்சு.

எங்க அப்புச்சிக்கு நொய்யல் கரையிலதான் தோட்டம். "ஆத்துல துண்டு விரிச்சு மீன் புடிச்சோம் கண்ணு. அப்புறம் மாடு கூட வாய் வெக்காத தண்ணியாப் போச்சு"ம்பார். இதுக்கு மேல எனக்கு எந்த ரிப்போர்ட்டும் வேண்டாம்.

"கட்டினதை இடிக்கறதா? மக்கள் வரிப்பணம்!"னு ஒரு குரூப் வரும். எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். யாரும் யூஸ் பண்ணாத பழைய கோடை அழிக்க ஒருத்தனுக்கும் தைரியம் இருக்காது. செலவான பணம் செலவானதுதான். சும்மா நிக்கறதால அது திரும்பி வந்துருமா?

"அதான் இப்ப சாயம் குறைஞ்சுருச்சே, மறுபடியும் தேக்கலாமே"ன்னு இன்னொரு குரூப். அடியில படிஞ்ச சேறு எங்க போச்சு? அதுக்கு மேல நல்ல தண்ணியைத் தேக்கினா அதுவும் கெட்டுப்போய் கிணறுக்குத்தான் இறங்கும்.

அமெரிக்காவுல எல்வா ஆத்துல ரெண்டு அணையை 2011ல ஆரம்பிச்சு 2014க்குள்ள எடுத்தாங்க, சால்மன் மேல ஏறி வந்துச்சு. ஆனா அங்க தேங்கியிருந்தது வெறும் மணலும் வண்டலும். நமக்குப் பொருந்தற பாடம் மொன்டானாவோட மில்டவுன் அணை. சுரங்கக் கழிவுல வந்த ஆர்சனிக் சேறு அதுக்குப் பின்னாடி சேர்ந்து, ஊர்க் கிணறு வரைக்கும் இறங்கிருச்சு. அவங்க கண்ணை மூடிட்டு இடிக்கலை. 2008ல அணையைத் திறந்துவிட்டாங்க, மோசமான சேத்தைத் தோண்டி ரயில்ல ஏத்தி வேற இடத்துல கொண்டுபோய்ப் போட்டாங்க. செலவு சுரங்கக் கம்பெனி தலையில!

நமக்கு வரிசை இதுதான். முதல்ல சேத்தை அள்ளி பத்திரமான இடத்துல போடணும். அப்புறம்தான் சுவத்துல கை வெக்கணும். மாத்திப் பண்ணினா விஷம் நேரா கரூருக்கும் காவிரிக்கும் போயிரும். பில்லை யாருக்கு அனுப்பறது? கெடுத்தவன்தான் கட்டணும்னு வேலூர் தோல் கழிவு வழக்குல சுப்ரீம் கோர்ட் 1996லயே சொல்லிருச்சு.

"மீனுக்காக அணையை இடிக்கறதா"ன்னு சிரிக்கறவங்க எங்க மாயாறு பக்கம் வாங்க. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் இன்னிக்கு மிச்சமிருக்கற ஒருசில இடத்துல அதுவும் ஒண்ணு. 2018ல அதை அழிவின் விளிம்புல இருக்கற மீன்னு உலகப் பட்டியல்ல சேர்த்தாங்க. நொய்யல்ல மஹ்சீர் துள்ளும்னு நான் கதை விடலை. காவிரியில இருந்து நாலு கெண்டை மேல ஏறி வந்தாப் போதும்.

அப்புச்சிக்கு எண்பது தாண்டிருச்சு. துண்டை நான் எடுத்துட்டு வர்றேன். ஆத்தை யார் கொண்டு வர்றது?