சரிபார்ப்பவர் யார்?

நாகூருக்கு வடக்கே, வெட்டாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்துள்ள ஊர் கீழவாஞ்சூர். தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்ட காரைக்கால் பகுதியின் தெற்கு விளிம்பு அது. ஆங்கிலேயர் இடையிடையே கைப்பற்றிய காலம் நீங்கலாக, 1739 முதல் 1954 வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எல்லைக்கு இப்பால் ஓர் அரசின் பதிவேடும் அப்பால் வேறோர் அரசின் பதிவேடும் செல்லுபடியாயின. இன்று கீழவாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் துறைமுகம் உள்ளது. அங்கு இறங்கும் நிலக்கரி உரியவரைச் சென்று சேர்வதற்குள் அதன் ஆவணங்கள் கப்பல் நிறுவனம், சுங்கத்துறை, வங்கி, தொடர்வண்டித்துறை எனப் பல கைகளைக் கடக்கின்றன. ஒவ்வொரு கையும் தன் ஏட்டில் தனியே எழுதிக்கொள்கிறது. ஏடுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் எதனை மெய்யெனக் கொள்வது?

இவ்வினா அக்கடற்கரைக்குப் புதியதன்று. அருகிலுள்ள நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தான். இருபத்தொரு ஏடுகளும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, வளையத்தின் வாய் அரச முத்திரையால் மூடப்பட்டது. நடுவிலுள்ள ஓர் ஏட்டை உருவி வேறொன்றைச் செருக வேண்டுமாயின் வளையத்தை அறுத்தே ஆக வேண்டும். அறுத்தால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். நெதர்லாந்திலுள்ள லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால் அவை பின்னாளில் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றன.

பிளாக்செயின் எனப்படும் தொகுதிச் சங்கிலியும் கோத்து வைக்கும் இக்கருத்தையே கொண்டது. சதோசி நகமோட்டோ என்னும் புனைபெயருடையவர் 2008 அக்டோபர் 31 அன்று பிட்காயின் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 2009 சனவரி 3 அன்று முதல் தொகுதி உருவானது. பணப்பரிமாற்றங்கள் ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு தொகுதியாகத் திரட்டப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியின் சுருக்கக்குறியைத் தன்னுள் தாங்கியிருக்கும். பழைய தொகுதி ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் குறி மாறும். அடுத்த தொகுதியோடு பொருந்தாது. செப்பேட்டிற்கு அரசன் ஒருவனின் முத்திரை இருந்தது. சங்கிலிக்கு அரசன் இல்லை. அவ்விடத்தை நிரப்புவதே சரிபார்ப்பு மென்பொருள்.

பிட்காயின் கோர் என்னும் அம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் நிரலை வரிவரியாகப் படிக்கலாம். அது இயங்கும் ஒவ்வொரு கணினியும் புதிதாக வந்த தொகுதியைத் தானே சோதிக்கிறது. முந்தைய தொகுதியோடு குறி பொருந்துகிறதா, கையொப்பங்கள் மெய்யானவையா, முன்பே செலவழித்த நாணயம் மீண்டும் செலவழிக்கப்படுகிறதா, புதிதாக உருவாக்கப்படும் நாணயம் விதித்த அளவை மீறுகிறதா என அது ஆராய்கிறது. 2024 ஏப்ரல் முதல் அவ்வளவு தொகுதிக்கு 3.125 நாணயம். விதி ஒன்றில் தவறினாலும் தொகுதி தள்ளப்படும். அனுப்பியவர் பெருஞ்செல்வரா எளியவரா என்று மென்பொருள் கேட்பதில்லை. ஒரு தொகுதியை உருவாக்கப் பெருமளவு மின்சாரம் செலவாகிறது. இது நியாயமான குறையே. ஆயினும் உருவானதைச் சரிபார்க்க வீட்டுக் கணினி போதும்.

இம்மென்பொருள் பிழைக்கு அப்பாற்பட்டதும் அன்று. 2010 ஆகஸ்டு 15 அன்று 74638ஆம் தொகுதியில் 18,400 கோடிக்கும் மேற்பட்ட நாணயங்கள் திடீரெனத் தோன்றின. இறுதி வரை உருவாகக்கூடியவை மொத்தமே 2.1 கோடிதான்! காரணம் ஒரு கூட்டல். பழைய மின்அளவியில் எண்கள் நிறைந்ததும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதுபோல, கூட்டுத்தொகை கணினியின் எண்வரம்பைத் தாண்டித் தலைகீழானது. அத்தவறான சிறு எண்ணை மென்பொருள் சரியென ஏற்றது. சில மணிநேரத்தில் திருத்திய மென்பொருள் வெளியிடப்பட்டது. பிழையான தொகுதி கைவிடப்பட்டது. 2013 மார்ச்சில் நிகழ்ந்தது இதனினும் விந்தையானது. மென்பொருளின் புதிய பதிப்பு ஏற்ற தொகுதி ஒன்றைப் பழைய பதிப்பு ஏற்க மறுத்தது. சங்கிலி இரண்டாகக் கிளைத்துச் சில மணிநேரம் ஓடியது. முடிவில் புதிய பதிப்பினரே பழையதற்குத் திரும்பினர். சரிபார்ப்போர் அனைவரும் ஒரே முடிவுக்கு வருவது, அவர்களுள் ஒருவர் மேம்பட்டிருப்பதைவிட இன்றியமையாதது என அன்று தெரிந்தது.

இவ்வளவு நுட்பமான காவல் இருந்தும் மக்கள் பணத்தை இழப்பது ஏன்? நாணயம் வாங்குவோர் பலர் அதனைச் சரிபார்ப்பவர் அல்லர்; பரிமாற்ற நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டுக் கைப்பேசித் திரையில் தெரியும் எண்ணை நம்பியிருப்பவர். 2024 சூலை 18 அன்று இந்தியப் பரிமாற்ற நிறுவனமான வாசிர்எக்ஸிடமிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. அப்போது சங்கிலி உடையவில்லை. கையொப்பங்கள் விதிப்படி அமைந்திருந்தமையால் அந்நாணயங்களின் சங்கிலி அப்பரிமாற்றங்களை ஏற்றது. கையொப்பம் மெய்யா என்பதை மென்பொருள் அறியும். கையொப்பமிட்டவர் ஏமாற்றப்பட்டாரா என்பதை அது அறியாது. தம் கணக்கு முடக்கப்பட்டதை எதிர்த்து முதலீட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ நாணயம் ஒருவகைச் சொத்தே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. மென்பொருளால் விடையளிக்க இயலாத இடத்தில் நீதிமன்றமே தேவைப்பட்டது. ஆகவே விலையேற்றத்தைக் காட்டி இளைஞரை அழைக்கும் விளம்பரங்கள் இத்தொழில்நுட்பத்தின் பெருமையைப் பேசும்போது, இரவல் நகையை அணிந்தே பேசுகின்றன.

தொகுதிச் சங்கிலியின் பயன் நாணயத்தோடு முடிவதில்லை. தமிழ்நாடு அரசு 2020இல் இதற்கெனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மின்ஆளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்னும் கட்டமைப்பை உருவாக்கியது. சான்றிதழ்களைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ள இ-பெட்டகம் என்னும் செயலியும் வந்துள்ளது. மேனிலைப் பள்ளி மாணவரின் மதிப்பெண் சான்றிதழைத் திருத்தவோ போலியாக்கவோ இயலாதபடி காப்பது நற்பணியே. எனினும் சங்கிலியின் எல்லாப் படிகளும் ஒரே நிருவாகத்தின் கணினிகளில் மட்டும் இருக்குமாயின், அது பல படிகள் எடுக்கப்பட்ட ஒரே ஏடுதான். பல்கலைக்கழகங்களும் வங்கிகளும் நீதித்துறையும் தத்தம் கணினியில் சரிபார்க்கும் உரிமை பெறும்போதே பெயரிலுள்ள நம்பிக்கைக்குப் பொருள் உண்டாகும். கப்பல் ஆவணங்களுக்காக மெர்ஸ்க், ஐபிஎம் நிறுவனங்கள் 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் 2023இல் மூடப்பட்டது. உலகக் கப்பல் துறை முழுவதும் ஒன்றுசேரவில்லை என்பதே அறிவிக்கப்பட்ட காரணம். போட்டியாளர் நடத்தும் ஏட்டில் தன் சரக்கை எழுத எந்த வணிகரும் தயங்குவார் அல்லவா?

மற்றொன்றும் உண்டு. கீழவாஞ்சூரில் இறங்கிய சரக்கின் எடையைத் தவறாக எழுதிச் சங்கிலியில் ஏற்றினால், அத்தவற்றையே அது அழியாமல் காக்கும். ஆனைமங்கலக் கொடையை எழுதுமுன் பெண்யானை ஒன்றை ஊரெல்லை நெடுகச் சுற்றி வரச் செய்தனர். அதனோடு எல்லையை நடந்து கண்டவர்களின் கையொப்பங்களுக்குப் பிறகே செப்பில் உளி பட்டது.