பேட்டரியின் வயதை யாரிடம் கேட்பது?

பழைய மின்சாரக் காரை வாங்குகிறவன் பிறர் கழித்துக்கட்டிய பேட்டரிக்கு விலை கொடுக்கிறான் என்ற வாக்கியம் இன்று ஏறத்தாழ ஒரு பழமொழியின் உறுதியுடன் நம்மிடையே புழங்குகிறது. பழமொழிக்கு ஆதாரம் கேட்கும் வழக்கம் இல்லை. ஆகவே நன்றாகப் படித்தவர்களும், எதையும் ஐயத்தோடு அணுகுவதாகச் சொல்லிக்கொள்பவர்களும்கூட இதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். வாங்கலாம் என்பது என் தரப்பு. ஆனால் அந்த ‘லாம்’ என்ற விகுதிக்குள் ஒரு சண்டை இருக்கிறது. அது வேதியியலோடு போடவேண்டிய சண்டை அல்ல.

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவச் சுற்றோட்டம் கிடையாது. காற்று பட்டால் போதும் என்று விட்டுவிட்டார்கள். 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்து வெயிலில் அந்தக் கார்களின் கொள்ளளவு மளமளவெனக் குறைந்தது. உரிமையாளர்கள் கொதித்தெழுந்த பிறகே கொள்ளளவுக்கும் உத்தரவாதம் என்ற ஒன்றை நிறுவனம் அறிவித்தது. நம் பக்கத்தில், 2001-இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவாவில் இருந்தது பழைய ஈய அமில பேட்டரி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆகவேண்டும். இந்த இரண்டு நினைவுகளும் சேர்ந்து கெட்டிப்பட்டதுதான் மேற்படி பழமொழி. ஆனால் 2020 ஜனவரியில் வந்த நெக்ஸான் மின்காரில் இருப்பது திரவத்தால் குளிர்விக்கப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் அதற்கு உண்டு. லீஃபை வைத்து இதை அளப்பது, வாரப்பத்திரிகைத் தொடர்கதை ஒன்றை வாசித்துவிட்டுத் தமிழ் நாவலுக்குத் தீர்ப்பு எழுதுவதைப் போன்றது. அதைச் செய்பவர்களும் நம்மிடையே உண்டு என்பது வேறு விஷயம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அடிப்படையாக இருந்த கட்டுரை அது. காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே வாங்குபவன் எல்லாக் காரையும் குறையுள்ளதாகவே எண்ணி விலை கேட்கிறான். நல்ல கார் வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்கிக்கொள்கிறான். கடைசியில் சந்தையில் குறையுள்ளவையே எஞ்சுகின்றன. பெட்ரோல் காரிலாவது எஞ்சினின் இரைச்சலையும் புகையின் நிறத்தையும் வைத்து ஒரு மெக்கானிக் எதையாவது சொல்லிவிடுவார். பேட்டரிக்குக் குரல் இல்லை. எழுபது சதவீதத்துக்குத் தேய்ந்ததும் தொண்ணூற்றைந்தில் நிற்பதும் ஒரே மௌனத்தோடுதான் ஓடுகின்றன. லீஃபின் முகப்பில் கொள்ளளவைக் காட்டப் பன்னிரண்டு கட்டங்கள் உண்டு. விற்பதற்கு முன் அந்த அளவீட்டை அழித்துப் பன்னிரண்டையும் சிலகாலம் மீட்டுக்காட்டும் வித்தையைச் சில வியாபாரிகள் கண்டுபிடித்தார்கள். ஓடோமீட்டரைத் திருப்பிய கைகளுக்கு இதெல்லாம் பெரிய வேலையா!

நம் அரசு இங்கே என்ன செய்கிறது? புதிய மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பழைய மின்காரை வாங்கி விற்கும் பதிவுபெற்ற வணிகரின் லாப வித்தியாசத்துக்கான வரியை 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் 12-இலிருந்து 18 ஆக்கியது. தனியாள் தனியாளுக்கு விற்றால் இந்த வரி கிடையாது. அன்று எழுந்த கூச்சலில் பாதி இதை அறியாமல் எழுந்தது. மீதிப் பாதி நியாயமானது. புதிய காருக்குள் அமர்ந்து வரும் பேட்டரிக்கு 5, அதே பேட்டரியைப் பழைய காருக்கென்று தனியாக வாங்கினால் 18. பதினெட்டு லட்சம் கொடுத்துப் புதிது வாங்க வசதியுள்ளவருக்குச் சலுகை, ஏழு லட்சத்தோடு நிற்பவருக்குத் தண்டம். இதைச் சூழலியல் கொள்கை என்று அழைக்க மனம் ஒப்பவில்லை. வரியையாவது பொறுத்துக்கொள்ளலாம். உரிமை மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நாம் நிரப்பும் 29, 30 ஆம் படிவங்களில் பேட்டரியின் நலத்தைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை என்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்த எண் காரின் கணினிக்குத் தெரியும். சர்வீஸ் நிலையத்தின் கருவிக்குத் தெரியும். பணம் கொடுப்பவனுக்கு மட்டும் தெரியக்கூடாது!

ஆகவே வாங்குபவர் தாமே அளக்கவேண்டியிருக்கிறது. அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. 30.2 யூனிட் கொள்ளும் முதல் நெக்ஸானை 20 சதவீதம் வரை ஓட்டிவிட்டு, மீட்டர் உள்ள சார்ஜரில் நூறு வரை ஏற்றிப் பாருங்கள். வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்து 25 முதல் 27 யூனிட் இழுத்தால் பேட்டரி நலமாக இருக்கிறது. இருபதிலேயே நிரம்பிவிட்டால் விற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசலாம். ஒருமுறையாவது முழுதாக ஏற்றிய பிறகு இதைச் செய்வது நல்லது. இரும்பு பாஸ்பேட் பேட்டரி, இடைநிலைகளில் தன் இருப்பைத் தானே சரியாகக் கணிக்காது. இன்னொன்று. அந்தக் காருக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 312 கிலோமீட்டர். புதிதாக இருந்தபோதே சாலையில் கிடைத்தது இருநூறை ஒட்டித்தான். இன்று 180 ஓடும் காரைப் பார்த்து ‘பாதி செத்துவிட்டது’ என்பவர்கள் விளம்பரத்தோடு ஒப்பிடுகிறார்கள், காரோடு அல்ல.

வாடகைக்கு ஓடிய கார்களைத் தனியாகப் பார்க்கவேண்டும். 2025 ஏப்ரலில் ப்ளூஸ்மார்ட் சேவை நின்றபோது ஏராளமான மின்கார்கள் ஒரே நாளில் வேலையற்று நின்றன. நாள்தோறும் விரைவு சார்ஜில் பழகி, பிறகு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எண்ணைப் பார்க்காமல் தொடாதீர்கள். 2017-இல் அரசு அலுவலகங்களுக்கென்று மொத்தமாகக் கொள்முதல் தொடங்கிய தலைமுறைக் கார்களின் சார்ஜ் முனையோ இன்றைய பொது நிலையங்களில் பரவலாக உள்ள சிசிஎஸ்2 வகையோடு பொருந்தாது. அவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் நான் யோசிப்பேன்.

இனி காங்கோ. மின்கார் என்று பேச்செடுத்ததும் காங்கோச் சுரங்கங்களில் கோபால்ட் தோண்டும் குழந்தைகளை நினைவூட்டும் நண்பர்களின் அறச்சீற்றத்தை மதிக்கிறேன். அந்தத் துயரம் உண்மை. ஆனால் அதைத் தட்டச்சிடும் கைபேசியிலும் கோபால்ட் உண்டு, நான் பேசும் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கோபால்ட் இல்லை. தவிரவும், பேட்டரி செய்வதில் உண்டாகும் கரி முதல் உரிமையாளரின் காலத்துக்கு முன்பே காற்றில் கலந்துவிட்டது. நன்றாக ஓடும் ஒரு பேட்டரியை அச்சத்தினால் ஒதுக்கி, அந்த இடத்தில் புதிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்குவதில் எந்த அறம் காப்பாற்றப்படுகிறது என்று எவரும் எனக்கு விளக்கவில்லை.

எல்லோரும் வாங்கவேண்டும் என்றும் சொல்லமாட்டேன். தமக்கென்று ஒரு பிளக் இல்லாத அடுக்ககவாசி, சங்கத்தின் அனுமதியை எழுத்தில் பெறாமல் முன்பணம் கொடுக்கக்கூடாது. மாதம் இருமுறை சென்னையிலிருந்து நாகர்கோவில் போகிறவருக்கு முதல் தலைமுறைக் கார் தொல்லைதான். மாறாக, நாளொன்றுக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டி, இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றக்கூடியவருக்கு, கொள்ளளவு எண்பது சதவீதத்தில் நிற்கும் கார்கூடத் தேவைக்கு இருமடங்கு.

கலிபோர்னியாவில் 2026 மாடல் முதல் பேட்டரியின் நலத்தை ஓட்டுநருக்கே காரில் காட்டியாக வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்கார் பேட்டரிக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு உண்டு. இங்கே அந்த ஒற்றை எண்ணுக்காக விற்பவரைச் சர்வீஸ் நிலையம் வரை கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. வர மறுத்தால், வேறு கார் பாருங்கள்.