கண்டுபிடிப்பாளர் யார்?

2018-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தசுகு ஹோஞ்சோ, 1990-களின் தொடக்கத்தில் கியோட்டோவில் 'பிடி-1' புரதத்தைக் கண்டறிந்தவர். நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் இந்தப் புரதத்தை முடக்கினால், அச்செல்களே புற்றுநோயைத் தாக்கும். இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்கா வழங்கிய ஆறு காப்புரிமைகளில், அவருடன் இணைந்து ஆய்வு செய்த கோர்டன் ஃப்ரீமன், கிளைவ் வுட் ஆகியோரின் பெயர்கள் விடுபட்டிருந்தன.

ஃப்ரீமன் பணியாற்றிய பாஸ்டன் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் 2015-ல் வழக்குத் தொடுத்தது. பிடி-1-உடன் பிணையும் பிடி-எல்1 புரதத்தைக் கண்டறிந்ததில் இருவருக்கும் பங்கு உண்டு. 'அது ஏற்கெனவே ஆய்விதழில் வெளியான செய்தி. விலங்குச் சோதனைகளில் அவர்கள் பங்கேற்கவில்லை' என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தை நிராகரித்து, இருவரும் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்களே என்றது.

அதே நீதிமன்றம் 1994-ல் வேறொரு வழக்கில் வேறு முடிவுக்கு வந்திருந்தது. ஏஇசட்டி மருந்தை எய்ட்ஸுக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் பிறந்தது. மனிதச் செல்களில் சோதித்து அதன் ஆற்றலைக் காட்டியவர்கள் அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தின் அறிவியலாளர்கள். ஆனாலும், அந்த மருந்து தொடர்பான ஆறு காப்புரிமைகளில் ஐந்தில் அவர்களுக்கு இடமில்லை என்றானது. அவர்கள் சோதிக்கும் முன்பே எண்ணம் முழுமை பெற்றிருந்தது என்பதே காரணம்.

இரண்டு தீர்ப்புகளுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: கண்டுபிடிப்பின் கருத்து உருவானதில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க பங்கு இருந்ததா? பதவியோ, பணமோ, உழைப்பின் அளவோ இதில் கணக்கில் வராது. இந்த அளவுகோல் சரியானது என்பதே என் உறுதியான கருத்து. அதைப் பயன்படுத்தும் காலம்தான் தவறு. ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் பழைய மின்னஞ்சல்களையும் குறிப்பேடுகளையும் புரட்டி, யார் மனதில் எது உதித்தது என்று தேடுவது யாருக்கும் நீதி தராது.

இது வெறும் பெருமைக்கான போட்டியும் அல்ல. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அமெரிக்காவில் கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமலேயே யாருக்கும் உரிமம் வழங்கலாம். விடுபட்ட ஒரு பெயர் பெரும் மருந்துச் சந்தையையே மாற்றிவிடும்.

ஆகவே, கண்டுபிடிப்பாளர் யார் என்று முடிவுசெய்யும் நடைமுறையைக் கூட்டாய்வு ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். விண்ணப்பம் தயாராகும்போது ஒவ்வொரு உரிமைக் கோரிக்கைக்கும் யாருடைய கருத்து அடிப்படை என்று தேதியிட்ட ஆய்வகக் குறிப்பேட்டைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். வேறு நிறுவனத்து ஆய்வாளரையும் இளம் ஆய்வாளரையும் அழைத்து அவர்களின் தரப்பைக் கேட்பது கட்டாயமாக வேண்டும். வழக்குக்குச் செலவிட வசதியில்லாத ஆய்வாளருக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

- கட்டுரையாளர், காப்புரிமை வழக்கறிஞர்.