‘சிபில் வேண்டாம், ஆதார் போதும்’ என்கிறவன் எதை விற்கிறான்?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டியதும் பலகைகள் தொடங்கிவிடும். வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி, நசரத்பேட்டை. வடக்கே அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் வரை சி.டி.எச். சாலையிலும் அதே பலகைகள்தான். ‘கார் கன்சல்டிங்’. ‘உடனடி ஃபைனான்ஸ்’. ‘சிபில் வேண்டாம், ஆதார் போதும்’. உள்ளே போனால், "சாயந்தரமே வண்டிய எடுத்துட்டுப் போயிடலாம்ணே" என்று டீ வாங்கித் தருவார்கள்.

இந்தக் கனிவு யாருக்கு? கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை தொங்குகிறவருக்கு இது தேவையில்லை. அவரை வங்கியே போனில் கூப்பிட்டுக் கெஞ்சும். இது எஸ்டேட்டில் காண்ட்ராக்டில் லேத் ஓட்டுகிறவருக்கு. கூவம் கரையிலிருந்து பிடுங்கி அத்திப்பட்டு, கூடப்பாக்கம் அடுக்குமாடிகளில் கொண்டுபோய் வைக்கப்பட்ட குடும்பத்துப் பையனுக்கு. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் மகனுக்கு. ஒரு சனிக்கிழமை மாலை அந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பாருங்கள் தோழர்களே. எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று சாதிச் சான்றிதழ் பார்க்காமலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கடன் மதிப்பெண் என்ற பெயரில் பரம்பரைச் சொத்து இல்லாதவனை முதலில் வங்கியிலிருந்து வெளியே தள்ளுகிறார்கள். பிறகு, வெளியே நிற்பதற்கென்றே அவனிடம் தனி வட்டி வசூலிக்கிறார்கள். தள்ளுகிறவனும் வசூலிக்கிறவனும் வேறுவேறு ஆளாகத் தெரியலாம். வேலை ஒன்றுதான்.

இதைப் பேசினால் நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் வரும். "வருமானத்துக்கு மீறி எதுக்குப்பா காரு? பஸ்ஸுல போக வேண்டியதுதானே?" இயக்கத்தில் நரைத்த தலைகள் சொல்லியே கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு சாலீஸ்கானை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1929இல் பம்பாய் அரசின் குழு உறுப்பினராக விசாரணைக்குப் போன அம்பேத்கரை ஏற்றிச்செல்ல அந்த ஊர்க் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத தங்கள் ஆள் ஒருவரை ஓட்டவைத்தார்கள். வண்டி கவிழ்ந்தது. அம்பேத்கரின் கால் முறிந்தது. தமிழ்நாட்டிலும் இது முடிந்துபோன கதை இல்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காக என்பது குடும்பத்தார் கொடுத்த புகார். நம் பிள்ளை வண்டியில் போவது இந்தச் சமூகத்தின் கண்ணை என்றைக்குமே உறுத்தியிருக்கிறது. ‘உனக்கெதுக்குக் கார்’ என்ற கேள்வியை நாமும் சேர்ந்து கேட்க வேண்டாம்.

அதோடு, இங்கே வாங்கப்படும் கார்களில் பாதி சொகுசுக்கானவையும் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு நைட் ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற மஞ்சள் போர்டு டிசைர், காய்கறி எடுத்துவரும் ஈகோ. அந்த வண்டிதான் கடை, அந்த வண்டிதான் வயல்.

சரி, அந்த மதிப்பெண்ணைப் பார்ப்போம். சிபில் என்பது 300இலிருந்து 900 வரை ஓடும் எண். நீங்கள் வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதுதான் அதன் அடிப்படை. வங்கிக் கடனே வாங்காதவருக்கு எண் கிடையாது. ‘வரலாறு இல்லை’ என்றோ -1 என்றோ வரும். கவனியுங்கள்: இருபது வருடம் கந்துவட்டியை ஒழுங்காகக் கட்டிய அம்மாவின் நாணயம் இதில் ஏறாது. தண்டல்காரரிடம் தினம் நூறு ரூபாய் தவறாமல் கொடுத்தது ஏறாது. வாடகை ஏறாது. ஆனால் போன் வாங்கிய ஈ.எம்.ஐ. இரண்டு மாதம் தப்பியது ஏறும். மனைவி பெயரில் நுண்கடன் குழுவில் வாங்கியது ஏறும். அண்ணன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் ஏறும். நாம் தவறியதை மட்டும் எழுதி, கட்டியதை எழுதாமல் விடும் கணக்குப்பிள்ளையை நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். பண்ணையார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குக் கம்ப்யூட்டர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதல்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. 2025 ஆகஸ்டில் ஒன்றிய நிதித்துறை மக்களவையிலேயே இதைச் சொன்னது. ஆவடியில் எத்தனை கிளை மேலாளர்கள் அதைப் படித்தார்களாம்?

இப்போது கணக்கு. என்னிடம் வந்த ஓர் ஓட்டுநர் தம்பியின் தாளில் இருந்தது இது. பழைய டிசைர், விலை 3,60,000. கையிலிருந்து 60,000, ஃபைனான்ஸ் 3,00,000, 36 தவணை. "வட்டி வெறும் 14 பர்சென்ட்தான்" என்றார்களாம். இந்த 14, ஃபிளாட் வட்டி. நீங்கள் அசலை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 3,00,000க்கும் வட்டி போடுவது. வருடம் 42,000, மூன்று வருடத்துக்கு 1,26,000. மாதத் தவணை 11,833. இதையே குறையும் நிலுவைக்கான வட்டியாக மாற்றிப் போட்டால் 24 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 18 தவணை ஒழுங்காகக் கட்டினார், 2,13,000 ரூபாய். பாதிக் கடன் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அசல் நிலுவை இன்னும் 1,77,000க்குப் பக்கம். இதே 3,00,000ஐ ஒருவர் வங்கியில் 9 விழுக்காடு குறையும் வட்டிக்கு வாங்கினால் மூன்று வருட மொத்த வட்டி 43,000 சொச்சம். அரசு ஊழியர் 43,000 கட்டும் இடத்தில் காலனிப் பையன் 1,26,000 கட்டுகிறான். டாக்குமென்ட் சார்ஜ், ஏஜென்ட் கமிஷன், கட்டாயமாகத் தலையில் கட்டிய இன்சூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல்.

வட்டியைவிட மோசமானது தாள்கள். நிரப்பாத படிவங்களில் இருபது முப்பது கையெழுத்து. தொகை எழுதாத செக் லீஃப் ஐந்தாறு. ஒரு சாவி கன்சல்டிங்காரரிடமே. ஆர்.சி. புக் இன்னும் பழைய ஓனர் பெயரில். "முழுசாக் கட்டி முடிச்சதும் பேர் மாத்திக்கலாம்ணே." மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடச் சொல்கிறவருக்கு ஒரு காரணம் இருக்கிறது: வண்டி உங்கள் பெயரில் இல்லாதவரை, பறித்தால் நீங்கள் கேட்க முடியாது. வண்டி அடிபட்டால் சேதத்துக்கான இன்சூரன்ஸ் பணமும் உங்களுக்கு வராது. தவணை கட்டுகிறவன் ஒருவன், உரிமையாளன் இன்னொருவன். குத்தகை நிலத்தில் நாம் பார்க்காததா?

19ஆவது தவணை தவறியது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. 20ஆவதும் தவறியது. ஒரு இரவு அம்பத்தூர் ரயில் நிலையம் பக்கம் சவாரிக்குக் காத்திருந்தபோது நாலு பேர் பைக்கில் வந்து சாவியைப் பிடுங்கினார்கள். சாதிப் பெயரைச் சொல்லித்தான் பிடுங்கினார்கள். வண்டி யார்டுக்குப் போனது. பத்தே நாளில் வேறொருவருக்கு விற்றாகிவிட்டது. கடையின் பார்வையில் அது அதே வண்டிக்கு இரண்டாவது லாபம். விற்ற விலை என்ன, மீதி எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? குண்டர்களை வைத்து வண்டி பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கும் பிரகாஷ் கவுருக்கும் இடையிலான வழக்கில் கண்டித்தது. 2011இல் சிட்டிகார்ப் மாருதி வழக்கில், சட்ட வழியில்தான் வண்டியை மீட்க வேண்டும் என்று மறுபடி சொன்னது. ஆனால் 2020இல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில், ஹையர் பர்ச்சேஸ் ஒப்பந்தத்தில் கடைசித் தவணை வரை ஃபைனான்ஸ் கம்பெனிதான் உரிமையாளர் என்றது. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், எதிர்த்தரப்பு வக்கீல் மூன்றாவதை மட்டும்தான் காட்டுவார். என்.பி.எஃப்.சி.களுக்கான ரிசர்வ் வங்கி விதிப்படி, பறிக்குமுன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்குமுன் கடைசி வாய்ப்பு எப்படி, ஏலம் எப்படி என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கடன்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். தம்பியின் கையில் இருந்தது ஒரு விசிட்டிங் கார்டு.

தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் அதில் பெயரோடு இருக்கின்றன. ஊர் ஃபைனான்ஸ்காரர் மீது அதைப் பயன்படுத்தலாம். ரிசர்வ் வங்கிப் பதிவு பெற்ற கம்பெனி என்றால்? மாநிலங்களின் கந்துவட்டிச் சட்டங்கள் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கேரள, குஜராத் சட்டங்கள் பற்றிய வழக்கு அது. தெருவில் வட்டிக்கு விடுகிற ஆயா குற்றவாளி, ஏ.சி. அறையில் அதைச் செய்கிறவர் தொழில்முனைவோர்.

‘ரிஸ்க் அதிகம், அதனால் வட்டி அதிகம்’ என்று வகுப்பில் படித்துவிட்டு வந்து சொல்வார்கள். இந்த ஊரின் வரலாறே அதற்குப் பதில். 1979இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கி கதவு திறக்காத லாரி ஓட்டுநர்களுக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்தே நாட்டின் பெரிய நிதி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. கடன் வரலாறு இல்லாத அந்த ஓட்டுநர்கள் கட்டாமல் ஓடியிருந்தால் அந்தக் கட்டடம் எப்படி எழுந்திருக்கும்? நம் ஆள் கட்டுவான் என்பது எல்லா ஃபைனான்ஸ்காரர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் பலகை வைக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2013 டிசம்பரில் ஆலி ஃபைனான்ஷியல் என்ற கார் கடன் நிறுவனம் 9.8 கோடி டாலர் கொடுக்க வேண்டிவந்தது. கறுப்பின, லத்தீன், ஆசிய வாடிக்கையாளர்களுக்கு டீலர்கள் கூடுதல் வட்டி ஏற்றினார்கள், நிறுவனம் அதை அனுமதித்தது என்பது குற்றச்சாட்டு. விண்ணப்பத்தில் இனம் எழுதப்படுவதில்லை. குடும்பப் பெயரையும் முகவரியையும் வைத்து அரசு கணக்கிட்டுக் கண்டுபிடித்தது. இங்கே? வங்கிகளாவது நலிந்த பிரிவினருக்கு 12 விழுக்காடு என்ற இலக்குக்காகப் பட்டியல் சாதிக்குக் கொடுத்த கடனைக் கணக்கு வைத்தாக வேண்டும். என்.பி.எஃப்.சி.களுக்கு அந்த இலக்கே இல்லை. யாருக்கு 9, யாருக்கு 24 என்று எவரும் எண்ணவில்லை. எண்ணாதவரை ‘நாங்கள் சாதி பார்ப்பதில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். காலனி முகவரியைப் பார்த்ததும் ‘நெகட்டிவ் ஏரியா சார்’ என்று ஃபைலை மூடுகிற பையனுக்கு வேறு சாதிப் பட்டியல் எதற்கு?

மாநில அரசும் தப்பிக்க முடியாது. 2023இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம், 6 விழுக்காடு வட்டி மானியம் என்று நல்ல எண்கள் இருக்கின்றன. ஆனால் மானியம் வேண்டுமென்றால் முதலில் வங்கிக் கடன் ஒப்புதல் வேண்டும். வங்கி என்ன பார்க்கும்? சிபில். சுற்றிவந்து அதே பலகைக்குக் கீழேதான் நிற்கிறோம். 1974இலிருந்து இருக்கும் தாட்கோ, வங்கியை நடுவில் வைக்காமல் பழைய வண்டிக்கு நேரடியாகக் கடன் கொடுக்கட்டும். தவணையைத் தானே வசூலிக்கட்டும். இதைக் கேட்க நமக்கு என்ன தயக்கம்?

சமூகவியல் மாணவர்கள் களப்பணிக்கு எங்கே போவது என்று கேட்டு எழுதுகிறீர்கள். அம்பத்தூர், பூந்தமல்லி ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் ஒரு மாதம் உட்காருங்கள். பழைய கார் வாங்கப் போகிற அண்ணனோடு நீங்களும் கடைக்குள் போங்கள். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கியோ என்.பி.எஃப்.சி.யோ கொடுக்கும் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும், கடன்காரருக்குப் புரிகிற மொழியில். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். "கே.எஃப்.எஸ். தமிழ்ல குடுங்க" என்று சத்தமாகக் கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும்; அதைக் காட்டச் சொல்லுங்கள். செக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எண்ணைக் குறித்து போட்டோ எடுத்துவையுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். விவரம் கேட்க 14448.

தெருவில் வண்டி பறிக்கும்போது சாதிப் பெயர் சொன்னால் அது வெறும் கடன் தகராறு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் வரும் குற்றம். பொது இடம், பொதுமக்கள் பார்வை என்ற நிபந்தனை தெருவிலேயே நிறைவேறிவிடுகிறது. ஸ்டேஷனில், "டியூ கட்டலன்னா எடுக்கத்தான் செய்வான்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். தம்பியையும் அப்படித்தான் அனுப்பினார்கள். மறுநாள் ஏழு பேர் போனோம். அன்றிரவு அங்கே டீக்கடை போட்டிருந்த அக்கா சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார். புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாகிவிட்டது, எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. வரும் திங்கள்கிழமை மறுபடியும் போகிறோம். வர முடிந்தவர்கள் காலை பத்து மணிக்கு ஆவடி பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.